கிணற்றுப் பக்கம் போன பந்து

பன்னிரண்டு பனியன் மிஷின்கள் ஒன்றாக இரைகிற கொட்டகைக்குள் நுழைந்ததும் நஜீமுதீன் வாசலிலேயே ஒரு நொடி நிற்பார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "ஏழாவதை நிறுத்து" என்பார். நிறுத்திப் பார்த்தால் ஏழாவதில் ஊசி ஒடிந்திருக்கும். துணியில் கோடு விழ ஆரம்பித்திருக்கும். எத்தனையாவது ஊசி என்பதையும் சேர்த்துச் சொல்லுவார் என்று திருப்பூரில் சிலர் பேசிக்கொண்டார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. காது கூர்மையானது என்பது மட்டும் நிஜம். பிற்பாடு அந்த மனுஷரைப் படாத பாடு படுத்தியதும் அந்தக் காதுதான்.

அவர் தாராபுரத்துக்காரர். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் லாரி மெக்கானிக்காக இருந்தார். முகாமில் பொழுது போகாத சாயங்காலங்களில் வாலிபால் கற்றுக்கொண்டார். திரும்பி வந்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மிஷின் பிட்டராகச் சேர்ந்து, ஷரீபுன்னிசாவைக் கல்யாணம் செய்து, பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தார். குழந்தை இல்லை. அந்தக் குறையை யாராவது பேச்சில் இழுத்தால் ஷரீபுன்னிசா, "அதான் ஒம்பது பேரை வளக்குறாரே" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஒன்பது பேர் என்றது கம்பெனி வாலிபால் டீமை. ஐம்பத்தேழில் அவர் சேர்த்தபோது ஒன்பது பேர் ஆட்டம்தான். அவனவன் காட்டுக்குள் அவனவன் நிற்கிற ஆட்டம் அது. வரப்பைத் தாண்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் எல்லா டோர்னமெண்டிலும் ஆறு பேர் ஆட்டம் வந்துவிட்டது. ஆறு பேரும் சுற்றிச் சுற்றி இடம் மாற வேண்டும். இப்போது முன்னால் நின்று அடிக்கிறவன் அடுத்த சர்வீஸுக்குப் பின்னால் போய்ப் பந்தைத் தூக்க வேண்டும். யாருக்கும் சொந்தக் காடு கிடையாது.

அங்கேதான் சிக்கல் வந்தது. இரண்டு பேருக்கு நடுவில் பந்து வந்தால் இந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நீங்க எடுங்க என்பான் ஒருவன். இல்லீங்க, நீங்களே எடுங்க என்பான் மற்றவன். பந்து இருவருக்கும் நடுவில் பொத்தென்று விழும். அதுவும் முதலாளியின் மச்சினர் குமாரசாமி பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அவர் கம்பெனிக்கு மேனேஜர். அவருக்குப் பத்தடிக்குள் வருகிற பந்தை ஒருவனும் தொடமாட்டான். அவரோ கொஞ்சம் சதைப்பிடித்த ஆள், ஐந்தடிக்கு மேல் நகரமாட்டார். ஒருமுறை பெருமாநல்லூரில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தர், "ஏனுங்க, பந்தென்ன பந்திச் சோறுங்களா, நீங்க மொதல்ல நீங்க மொதல்லன்னு ஒபசாரம் பண்றீங்க?" என்று கேட்க, மைதானமே சிரித்தது.

நஜீமுதீன் மறுநாள் கோட்டுக்கு வெளியே எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். கோட்டுக்குள் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை, மேனேஜரும் இல்லை. பந்து வந்தால் "எனக்கு" என்று கத்த வேண்டும். கத்தினவனுக்குத்தான் பந்து. கத்தின பிறகு விடக்கூடாது. பந்து தரையைத் தொடுகிற வரைக்கும் அது உயிரோடு இருக்கிறது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவனும் கத்தவில்லை. பெரியவர் தலைக்கு மேலே எனக்கு எனக்கு என்று கத்துவதற்கு நாக்கு வளையவில்லை.

முதலில் கத்தினவன் மயில்சாமி. மிஷின் ஓட்டுகிறவன், இருபத்திரண்டு வயது, ஒல்லி. அடிக்கத் தெரியாது, எகிறினாலும் வலைக்கு மேலே கை போகாது. ஆனால் பின் வரிசையில் அவனைத் தாண்டிப் பந்து போகாது. குமாரசாமியின் உச்சந்தலைக்கு நேராக இறங்கின பந்தை, "எனக்கு" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, அவர் தோளை இடித்துத் தள்ளி எடுத்துவிட்டான். பாயிண்ட் முடிந்ததும் அவரிடம் ஓடிப்போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். குமாரசாமி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இடிக்கிறவன் இன்னுங் கொஞ்சம் சோறு தின்னுட்டு வந்து இடிடா, எலும்பு குத்துது" என்றார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது.

சொல்லிக் கொடுப்பதில் நஜீமுதீனுக்கு இன்னும் சில பிடிவாதங்கள் உண்டு. திட்டுவதானால் ஒருத்தனைத் தனியே கூப்பிட்டுத்தான் திட்டுவார். ஆட்டத்தில் எவன் பலவீனமோ அவனைச் சுற்றித்தான் மற்றவர்களை நிறுத்துவார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பந்து மேலே இருக்கிறபோது வாயைத் திறக்கமாட்டார். ஓடுகிற மிஷினில் கை வைக்கக் கூடாது என்பது பிட்டரின் முதல் பாடம். கேள், பார், நிறுத்தின பிறகு சரி செய். ஆட்டமும் அப்படித்தான் என்று அவர் நம்பினார். வெளியிலிருந்து கத்தினால் ஆடுகிறவன் பந்தை விட்டுவிட்டு உன் வாயைப் பார்ப்பான் என்பார்.

அவர்கள் ஆடின இடம் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பண்ணையத்துக்காரர் தரிசாகப் போட்டிருந்த காடு. பின் கோட்டிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு பெரிய சதுரக் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. மூன்று பக்கம் முள் அடைத்திருந்தது. மாடு பூட்டி இறைக்கிற பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. அது ஆடுகளத்தைப் பார்த்த பக்கம். கிணறு இருப்பது எல்லாருக்கும் தெரியும். மயில்சாமி அதில் நீச்சல் பழகினவன்.

அறுபத்துமூன்று வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு அரைமணி முன்னால் அவர்கள் இருவர் மட்டும் அங்கே இருந்தார்கள். நஜீமுதீன்தான் அவனைச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். தலைக்கு மேலே பின்னால் போகிற பந்தைத் திரும்பி ஓடி எடுக்கிற பழக்கம். அவர் வலைப்பக்கம் நின்று பந்தை உயர அடிப்பார். அவன் ஓடி எடுத்துத் தலைக்குப் பின்னால் தட்டி அனுப்புவான். பத்தடி, பதினைந்தடி, இருபதடி. ஒவ்வொன்றையும் எடுத்தான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கேதான் இவன் எல்லை என்று பார்க்கத் தோன்றியது. அடுத்ததை முழுக் கையையும் வீசி அடித்தார்.

பந்து கையை விட்டதுமே அது எங்கே இறங்கும் என்று அவருக்குத் தெரிந்தது. மயில்சாமி "எனக்கு" என்று கத்தினான். அங்கே போட்டிக்கு ஆள் இல்லை. இருந்தும் பழக்கத்தில் கத்தினான். முகத்தை வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு ஓடினான். நஜீமுதீனுக்குக் கிணறும் தெரிந்தது, ஆளும் தெரிந்தான். ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த ஒரு மூச்சில் அவர் பார்த்தது பந்தை. எடுத்துவிடுவானா என்று பார்த்தார்.

எடுத்துவிட்டான். தலைக்குப் பின்னால் அவன் தட்டின பந்து உயரத் திரும்பி வந்து கோட்டுக்குள்ளே விழுந்து, இரண்டு தரம் எம்பி, நின்றது. அவர் பந்திலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தபோது அங்கே ஆள் இல்லை. கோடைக்காலம், கிணற்றில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை, பாறைதான்.

கூட்டம் கூடினபோது யாரோ அவர் தோளைப் பிடித்து உலுக்கி, என்னங்க பாய் ஆச்சு என்று கேட்டார்கள். "தெரியலீங்க. நான் வலை கட்டிக்கிட்டு இருந்தேன். முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன்" என்று வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. ஆனால் போலீஸ் வந்தபோதும் அதையே சொன்னார், எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அது அவர் கையை விட்டுப் போய்விட்டது.

போலீஸ் போன பிறகு ஊர் யோசித்தது. பந்து எங்கே கிடந்தது? கோட்டுக்குள்ளே கிடந்தது, வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பந்து இங்கே இருந்தால் அவன் எதற்காகக் கிணற்றுப் பக்கம் போனான்? நீச்சல் பழகின கிணற்றில் தடுக்கி விழுகிறவன் உண்டா? அன்றைக்கு விடிகாலையில் அவன் வீட்டில் சண்டை நடந்தது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அவன் மனைவி குழந்தையம்மாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி, போகாவிட்டால் அந்தப் பந்தையே கட்டிக்கொண்டு எங்கேயாவது போய்ச் சேருங்கள் என்று சொல்லியிருந்தாள். அது போதுமானதாக இருந்தது. அவன் காப்பாற்றின பந்தே அவன் குதித்துச் செத்தான் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

முதலாளி இரக்கப்பட்டுக் குழந்தையம்மாளுக்குக் கம்பெனியில் பனியனில் பிசிர் வெட்டுகிற வேலை கொடுத்தார். ஒரு வயது மகனை மாமியார் மருதம்மாளிடம் விட்டுவிட்டு வருவாள். நஜீமுதீன் மிஷின் கொட்டகைக்குப் போக அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சத்தம் கேட்க ஆரம்பித்தது நாற்பது நாள் கழித்து. முதலில் மிஷின் இரைச்சலுக்குள் கேட்டது. ஊசி ஒடிகிற சத்தம்போல, மற்றச் சத்தங்களிலிருந்து பிரிந்து தனியாக, "எனக்கு" என்று. திரும்பிப் பார்த்தார். மிஷினை நிறுத்தச் சொன்னார். ஊசி எதுவும் ஒடியவில்லை. பிறகு கறிக்கடையில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து கேட்டு, தொழுகையில் நிற்கிறோம் என்பதை மறந்து தலையைத் திருப்பிவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் பிறகு என்ன உடம்பு என்று விசாரித்தார்கள். கூப்பிடுகிற குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. பந்தைப் பார்த்துவிட்ட ஆளின் குரல், அவ்வளவுதான். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

டீமை அவர் விடவில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்கள். வேறு காட்டில், கிணறு இல்லாத இடத்தில் வலை கட்டினார். ஆனால் பயிற்சியில் நீளப் பந்து அடிப்பதே இல்லை. ஆட்டத்தில் பந்து பின் வரிசையைத் தாண்டினால், இத்தனை வருஷமாக மூடியே வைத்திருந்த வாய் தானாகத் திறந்து "வுடு, வுடு" என்று கத்தியது. ஊத்துக்குளி டோர்னமெண்டில் அவர் விடச் சொன்ன பந்துகளில் ஐந்து கோட்டுக்குள்ளே விழுந்தன. தோற்றுப்போய்த் திரும்புகிறபோது ரயிலில் குமாரசாமி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பந்து செத்துப் போகிற வரைக்கும் விடாதே என்று சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே, இப்போது நீங்களே ஏன் கொல்கிறீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டார்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தபோது, குழந்தையம்மாள் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டகை வாசலுக்கு வந்தாள். இதுவரை அவரிடம் அவள் வேலை விஷயம் தவிர எதுவும் பேசினதில்லை.

"ஏனுங்க பாய், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு அம்மணி."

"அன்னைக்குக் காத்தால அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க? அழுதாப்ல இருந்துச்சுங்களா?"

"இல்லையே. நல்லாத்தான் இருந்தான்."

"நீங்க எனக்காகச் சொல்றீங்க" என்றாள். தன்னால்தான் அவன் செத்தான் என்று மாமியார் சொல்லுவதை மூன்று வருஷமாக எதிர்த்துக்கொண்டிருந்ததாகவும், இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தம்மா சொல்லுவது சரி என்றே படுவதாகவும் சொன்னாள். பையன் நாலு வயதில், அம்மா, நீதான் அப்பாவைக் கெணத்துக்குப் போகச் சொன்னியா என்று கேட்டிருக்கிறான். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம். சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டதாம். அதைச் சொல்லுகிறபோது அவள் அழவில்லை. கத்திரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

சங்கு ஊதி மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. நஜீமுதீனால் உள்ளே போக முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஷரீபுன்னிசா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் வந்து நின்றவரைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பந்து அடித்தது, கிணறு தெரிந்தது, வாயை மூடிக்கொண்டு நின்றது, இன்றைக்குக் குழந்தையம்மாள் வந்து கேட்டது. பந்து மேலே இருக்கிறபோது பேசுவதில்லை என்பது தன் பழக்கம், ஓடுகிற மிஷினில் கை வைக்காத மாதிரி என்று அதையும் சொன்னார்.

"மிஷினுக்கு அது சரிதாங்க" என்றாள் ஷரீபுன்னிசா. "ஓடுனது மனுசனாச்சுங்களே."

அவளுக்குக் கோபம் வந்திருந்தது. மூன்று வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவளிடம் சொல்லவில்லையே என்கிற கோபம். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவள்போல எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குழந்தையம்மாள் இன்னொரு ராத்திரி அந்த நினைப்போடு தூங்கக்கூடாது, சாயங்காலமே போகலாம், தானும் வருவதாகச் சொன்னாள்.

மருதம்மாள் அவர்களைப் பார்த்ததும் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். மோர் கொண்டுவந்தாள். குழந்தையம்மாள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நஜீமுதீன் மோரைத் தொடவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னார். மகன் குதிக்கவில்லை. இவர் அடித்த பந்துக்காகத் தலையை மேலே வைத்துக்கொண்டு ஓடினான். இவர் பார்த்துக்கொண்டே நின்றார், வலை கட்டினதாகச் சொன்னது பொய்.

மருதம்மாள் அவர் தொடாத மோரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"பந்தைத் தொட்டானுங்களா?" என்றாள்.

"தொட்டானுங்க. திரும்பிக் கோட்டுக்குள்ளயே வந்து விழுந்துச்சு. அதான் எல்லாரும் பாத்தது."

கிழவி எழுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. குழந்தையம்மாள் ஈரக் காலோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் ஏதாவது கொண்டு எறிவாள் என்று நஜீமுதீன் எதிர்பார்த்தார். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"எம்பையனுக்கு ஆமான்னு சொல்லிட்டனுங்க" என்றாள் அவள். "இனி அவன்கிட்ட என்னன்னுங்க சொல்றது?"

ஷரீபுன்னிசா எழுந்து அவள் பக்கத்தில் போனாள். குழந்தையம்மாள் ஓரடி விலகி நின்றாள்.

"இங்க ஊட்டுக்குள்ள சொன்னாப் பத்தாதுங்க பாய். ஊர்க்காரங்க ஊட்டுக்குள்ளயா பேசுனாங்க? கொழாயடியில பேசுனாங்க, கம்பெனியில பேசுனாங்க. நீங்களும் அப்படியே சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் டோர்னமெண்டுக்காகக் கடைசிப் பயிற்சி. ஆறு பேரும் மாற்று ஆட்கள் மூவரும் வந்திருந்தார்கள். கம்பெனி ஆட்கள் ஐம்பது அறுபது பேர், போகிற டீமைப் பார்க்க வந்திருந்தார்கள். வேலிப்பக்கம் மயில்சாமி வீட்டுக்கு அக்கம்பக்கத்து வளவுப் பெண்கள் சிலர் நின்றார்கள். குழந்தையம்மாள் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களோடு நின்றாள். மருதம்மாள் வரவில்லை.

நஜீமுதீன் ஆடுகளத்துக்கு நடுவில் போய் நின்று சொன்னார். பட்டாளத்தில் ரிப்போர்ட் கொடுத்துப் பழகினவர். நாள், நேரம், நின்ற இடம், பந்து போன தூரம் எல்லாம் வரிசையாக வந்தது. போலீஸுக்குச் சொன்னதையும் சொல்லி, அது பொய் என்றார். அதற்காக யார் என்ன செய்தாலும் செய்யட்டும் என்றார். ஒருத்தன் பந்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். அதைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

குமாரசாமிதான் பேசினார். மேனேஜர் குரல் இல்லை அது.

"வுடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க பாய்?"

"சொல்லியிருக்கலாமுங்க" என்றார் நஜீமுதீன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். வெள்ளகோவிலுக்கு டீம் போகுமா, போனால் யார் கூட்டிப்போவது என்பதை அன்றைக்கு ஒருவரும் எடுக்கவில்லை.

குழந்தையம்மாள் மகனை இறக்கிவிட்டாள். அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்று சொல்ல முடியாது. அவன் வலைக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் நின்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் ஒவ்வொருத்தி முகத்தையும், அவர்கள் நிமிர்கிற வரைக்கும் பொறுத்திருந்து பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்லங்க?" என்றாள்.

ஒருத்தி, "கேட்டோம் புள்ள" என்றாள்.

"அப்பச் சரி. மாமியா காத்தால இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. நான் போயி உலை வெக்கோணும்" என்று சொல்லி, பையன் கையைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியே நடந்தாள்.